சுங்கை பூயுவின் வளைவும் பத்து வாழைமரங்களும்

கிள்ளானுக்கு ஆறு பார்க்கப் போகிறேன் என்று சொன்னபோது என் கணவர் நாளிதழிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "கிள்ளான் ஆத்தத்தான் பாலத்து மேல போறப்பல்லாம் பாக்குறியே," என்றார். அந்தப் பெரிய ஆறு இல்லை, இது குட்டி ஆறு, லோங்காங்காகக் கிடந்து மறுபடியும் ஆறானது என்று விளக்கினேன். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: லோங்காங் என்றால் இங்கே சாக்கடைக் கால்வாய். "லோங்காங் பாக்க ரயிலேறிப் போற மொத ஆளு நீதான்லா," என்று சொல்லிவிட்டு விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டினார். இந்த வலைப்பூவைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அவரைத் தெரியும். வீட்டைவிட்டு வரமாட்டார், போகிறவளையும் சும்மா விடமாட்டார்.

போன மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை அது. போகக் காரணம் பரமேசு. பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் பரமேஸ்வரிக்கு என் பக்கத்து மேசை. வீடு கிள்ளானுக்கு மேற்கே, எண்ணெய் எடுக்கும் பழைய செம்பனைத் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் பூயு என்ற குடியிருப்பில். அங்கிருக்கும் மாரியம்மன் கோயிலுக்கு அவள்தான் செயலாளர். திங்கட்கிழமை காலையில் நான் பையைக் கீழே வைப்பதற்குள் ஆற்றுச் செய்தி தொடங்கிவிடும். "மீன்கொத்தி வந்திருச்சுடி." "நீர்நாய் காலடி பாத்தோம்டி." பேரப்பிள்ளைக்குப் பல் முளைத்ததைச் சொல்கிற மாதிரியே சொல்வாள்.

அந்த ஆற்றின் கதை இதுதான். சுங்கை பூயு முன்பு வளைந்து நெளிந்து ஓடிய ஓடை. செம்பனை நடுவதற்கு ஈர நிலம் காய வேண்டும் என்று தோட்டக்காரர்கள் அதை நேர்கோட்டில் வெட்டிவிட்டார்கள். பிறகு வீடுகள் வந்தபோது அந்த நேர்கோட்டுக்குச் சிமெண்டும் பூசினார்கள். அதற்கப்புறம் அதை யாரும் சுங்கை, அதாவது ஆறு, என்று சொல்லவில்லை. மழை பெய்தால் தண்ணீர் ஒரே பாய்ச்சலாக வந்து கீழ்வரிசை வீடுகளின் ஹாலில் நிற்கும். மழை விட்டால் கொசு. இரண்டு வருடங்களுக்கு முன் வடிகால் இலாகா சிமெண்டை உடைத்துப் பழைய வளைவை மறுபடியும் தோண்டத் தொடங்கி, போன திருவிழாவுக்குப் பிறகு வேலையை முடித்தது. வளைவை ஒட்டிய தாழ்ந்த நிலத்தில் நாணல் வளரவிட்டு, தண்ணீர் பரவி நிற்க இடம் கொடுத்தது.

தோண்டும்போது நடந்த ஒரு விஷயத்தைப் பரமேசு எத்தனை முறை சொன்னாலும் எனக்குச் சலிக்காது. கோயிலின் கிழக்குப் பக்கத்தில் சில கருங்கல் படிகள் இறங்கும். எங்கே இறங்கும் என்றால், வெறும் புல்லுக்கு! கட்டிய மேஸ்திரி அன்றைக்கு ஏகப்பட்ட கள்ளு ஊற்றியிருக்கிறான் என்று மூன்று தலைமுறையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மண் தோண்டும் இயந்திரம் கடைசிப் படிக்குக் கீழே கை வைத்ததும் ஆற்று மணலும் சிப்பியுமாக வந்தது. பாவம் அந்த மேஸ்திரி, தெளிவாகத்தான் இருந்திருக்கிறான். ஆற்றைத்தான் அங்கிருந்து நகர்த்திவிட்டார்கள்.

படிகள் எதற்கென்றும் அப்போதுதான் புரிந்தது. மாரியம்மன் திருவிழாவில் கரகம் ஆற்றங்கரையில்தான் உருவாக வேண்டும். ஓடுகிற தண்ணீரைச் செம்பில் எடுத்து, வேப்பிலையும் பூவும் சுற்றி, பூசாரி தலையில் வைத்துக் கோயிலுக்குள் கொண்டுபோக வேண்டும். ஆறு லோங்காங் ஆனபிறகு தாமான் பூயுவில் ரோட்டோரத் தண்ணீர்க் குழாயைத் திறந்துதான் கரகம் எடுத்தார்கள். பக்கத்துத் தாமானிலும் ஒரு மாரியம்மன் கோயில் உண்டு. அந்தக் கோயிலார் இதை வைத்து இவர்கள் அம்மனுக்கு 'குழாயடி ஆத்தா' என்று பெயரே சூட்டிவிட்டார்கள். கல்யாண வீட்டில், பந்தியில், எல்லார் முன்னாலும் அப்படிச் சொல்லிச் சிரிப்பார்களாம். பரமேசுவுக்கு அது நெஞ்சில் தைத்த முள்.

இந்த வருடம்தான், நான் போன அந்த ஞாயிறன்று, முதல்முறையாக ஆற்றுப் படியில் கரகம். ஆனால் அதற்குள் ஒரு சிக்கலும் இருந்தது. கீழ்வரிசைக்காரர்களுக்கு இந்த வளைவு பிடிக்கவில்லை. தண்ணீரைச் சீக்கிரம் துரத்தாமல் வீட்டுப் பக்கத்திலேயே தங்கவைப்பதா என்று சண்டை. குடியிருப்புக் கூட்டத்தில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இந்த மழைக்காலம் முடிவதற்குள் ஒரே ஒரு வீட்டு வாசற்படியைத் தண்ணீர் தாண்டினாலும் வளைவை மூடிப் பழையபடி சிமெண்டு போடச்சொல்லி எல்லாரும் சேர்ந்து கேட்பது. பரமேசுவும் ஒப்புக்கொண்டாள். "வேற வழியில்லாம தலைய ஆட்டிட்டு வந்துட்டேன்டி. அன்னிலேருந்து மேகம் கறுத்தாலே ஆத்தப் பாக்க ஓடுறேன்," என்று என்னிடம் சொன்னாள். இதைக் கேட்டபிறகு போகாமல் இருக்க முடியுமா?

சரி, பயணத்துக்கு வருவோம். கே.எல். சென்ட்ரலிலிருந்து காலை எட்டரை மணி சுமாருக்குக் கோமுட்டர் ரயில் பிடித்தேன். கிள்ளானுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், கட்டணம் சுமார் ஐந்து வெள்ளி, அதாவது ரிங்கிட். ஞாயிறன்று ரயில்கள் இடைவெளி விட்டுத்தான் வரும், ஆகவே அட்டவணையைப் பார்க்காமல் போய் என்னைத் திட்டாதீர்கள். குளிரூட்டி எலும்பைத் துளைக்கும், ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஷா ஆலம் தாண்டும்வரை ஜன்னலில் தொழிற்சாலைகள்தான், அதுவரை தூங்கலாம். நான் தூங்கினேன்.

கிள்ளான் நிலையத்திலிருந்து லிட்டில் இந்தியா நடக்கிற தூரம்தான். அங்கே ஒரு கடையில் இரண்டு தோசையும் நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் தேநீரும் முடித்து, அம்மனுக்கு மல்லிகைச் சரம் வாங்கிக்கொண்டு கிராப் வாடகைக் கார் அழைத்தேன். வந்தவர் குமார் என்ற தம்பி. பதினான்கு வெள்ளி, இருபத்தைந்து நிமிடம்.

"தாமான் பூயுல யார் வீட்டுக்கு அக்கா?"

"வீட்டுக்கு இல்ல தம்பி. ஆறு பாக்கப் போறேன்."

கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்தார். "ஆறா? அங்க லோங்காங்குதான் இருக்கு. கே.எல்.லேருந்து அதப் பாக்கவா வர்றீங்க? ஐயோ அக்கா, என் வீட்டுப் பின்னாலயே ஒன்னு ஓடுது, நான் ஃப்ரீயாவே காட்டுவேன்லா."

வீட்டிலும் இதே கேலி, வண்டியிலும் இதே கேலி. மல்லிகையை மடியில் வைத்துக்கொண்டேன்.

கோயில் வாசலில் பரமேசு பட்டுப்புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு பந்தல்காரர்களை விரட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துத் தரதரவென்று கிழக்குப் பக்கம் இழுத்துப்போனாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. படிகளுக்குக் கீழே தேநீர் நிறத்தில் தெளிந்த தண்ணீர் மெல்லச் சுழன்று திரும்பிக்கொண்டிருந்தது. அக்கரையில் நாணல் ஆளுயரத்துக்கு நின்றது. ஒரு நீல மீன்கொத்தி கொடிக்கம்பத்திலிருந்து இறங்கிக் குத்திவிட்டு மறுபடியும் அதே கம்பத்துக்கே போனது. தும்பிகள், தலைப்பிரட்டைகள், வெயில் காய்கிற ஓர் உடும்பு. சிமெண்டு இருந்த இடம் என்று யாராவது சொல்லாவிட்டால் நம்பவே முடியாது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓர் ஓடையைப் பார்த்து அழுவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

"மீனப் பாரு, மீனப் பாரு!" என்று பரமேசு என் தலையைத் திருப்பினாள். பூயு என்பது இந்த ஓடைக்குப் பெயர் கொடுத்த மீன், நம் பனையேறிக் கெண்டைதான். பெயர் மட்டும் இருந்து, மீன் இல்லாமல் போயிருந்தது. இப்போது படியோரத்தில் விரல்நீளக் குஞ்சுகள் கூட்டமாகத் திரிந்தன.

அவற்றுக்குப் பக்கத்தில் எட்டு வாழைமரங்கள் தார், இலையோடு தண்ணீரில் படுத்துக்கிடந்தன. இது என்ன என்று கேட்டேன். "மொத்தம் பத்து வாங்குனோம். ரெண்டு வாசலுக்குக் கட்டியாச்சு. மீதி சாயங்காலம் தேருக்கும் மண்டபத்துக்கும். வெயில்ல வச்சா வதங்கிரும்ல, அதான் தண்ணில போடச் சொன்னேன். வருசா வருசம் லோங்காங்குல இப்படித்தான் போடுவோம்," என்றாள். மரங்களை ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றால் படியோரக் கம்பியில் கட்டியிருந்தார்கள். நல்ல யோசனைதான் என்று நானும் மெச்சினேன். ஆகவே பின்னால் நடந்ததில் எனக்கும் கொஞ்சம் பங்குண்டு.

நடைபாதை வளைவைச் சுற்றி, நாணல் நிலத்தைத் தாண்டி, கீழ்வரிசை வீடுகளுக்குப் பின்னால் போய் ரோட்டுப் பாலத்தில் முடிகிறது. மெதுவாக நடந்தால் அரைமணி நேரம். பாலம் சின்னது, தண்ணீர் போக இரண்டு கண்கள்தான். பாலத்துக்குப் பக்கத்துக் கடைசி வீட்டு வாசலில் ஒரு லோரி நின்றது. அதைத் துடைத்துக்கொண்டிருந்தவர்தான் முத்தையா அங்கிள், வளைவுக்கு எதிராகக் கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்தவர் என்று பரமேசு காதில் சொன்னாள்.

"வாங்கம்மா, ஆத்தப் பாத்தாச்சா?" என்று அவராகவே கேட்டார். பார்த்தேன், அழகாக இருக்கிறது என்றேன். "அழகுதான். நான் இல்லைங்கல. நீங்க சாயங்காலம் ரயிலேறிருவீங்க. நான் மூணு சோபாவத் தூக்கி வெளிய போட்டவன். எனக்குத் தண்ணி நேராப் போகணும், வேகமாப் போகணும், அவ்வளவுதான்." பேச்சில் கோபமில்லை.

கரகம் ஐந்து மணிக்கு. மதியம் அன்னதானத்தில் சாம்பார், பிரட்டல், பாயாசம் என்று ஒரு பிடி பிடித்துவிட்டு நிமிர்ந்தால், கடல் பக்கம் வானம் கன்னங்கரேல் என்று நிற்கிறது. இரண்டு மணிக்கு அடிக்கத் தொடங்கிய மழை சாமானிய மழை இல்லை. பந்தல் தகரத்தில் விழுந்த சத்தத்தில் நாதஸ்வரம் கேட்கவில்லை. பரமேசு கிழக்குப் படியில் குடையோடு போய் நின்றவள் நகரவே இல்லை. தண்ணீர் ஒரு படி ஏறியது, இன்னொரு படி ஏறியது. பிறகு அக்கரையில் நாணலுக்குள் நுழைந்து பரவத் தொடங்கியது. "போ சாமி, அந்தப் பக்கமே போ," என்று ஆற்றோடு பேசிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மழைகூடச் சற்றுத் தணிந்தது. ஆனால் தண்ணீர் இறங்கவில்லை, ஏறிக்கொண்டே வந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்போதுதான் பரமேசு குனிந்து படியோரக் கம்பியைப் பார்த்தாள். ராஃபியா கயிற்றின் நுனி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"அடிப்பாவி, வாழைமரம்!" என்று தன்னையே திட்டிக்கொண்டு ஓடினாள். பட்டுப்புடவையோடு அவள் ஓடிய ஓட்டத்தை நான் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன். லோங்காங்காக இருந்தபோது திருவிழா நாளில் அதில் கணுக்கால் தண்ணீர்தான் இருக்கும், போட்ட மரம் போட்ட இடத்தில் கிடக்கும். இப்போது அது ஆறு என்பதை ஆற்றுக்காக இத்தனை நாள் சண்டை போட்டவளே மறந்துவிட்டாள்.

பாலத்துக்கு மூச்சிரைக்க வந்தோம். எட்டு மரங்களும் இரண்டு கண்களிலும் குறுக்கும் நெடுக்குமாகச் சொருகிக்கொண்டு நின்றன. இலைகளில் குப்பை வேறு தங்கி அடைத்திருந்தது. தண்ணீர் பின்னுக்கு ஏறி முத்தையா அங்கிள் வீட்டுப் பின்கேட்டைத் தொட்டுவிட்டது. கேட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் சிமெண்டு முற்றம், அதற்கப்புறம் வாசற்படி. அவ்வளவுதான் மிச்சம்.

அங்கிள் அங்கேதான் நின்றிருந்தார். அவர் சும்மா நின்றாலே போதும். இன்னும் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் படியைத் தாண்டும், கூட்டத்து முடிவுப்படி வளைவு மூடப்படும். பரமேசு அவர் முன்னால் போய் நின்று, "தப்பு என்னோடது அங்கிள். ஆத்தோட தப்பில்ல. நாந்தான் மரத்தப் போடச் சொன்னேன்," என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அங்கிள் அவளையும் பாலத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "இப்ப யாரு தப்புன்னா பேசுறது? அழுகைய அப்புறம் வச்சுக்கலா. எவன் வீட்டுல குலை வெட்டுற கழி இருக்கு? எடுத்துட்டு ஓடியாங்க!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார்.

செம்பனைக் குலை வெட்டும் கழி, நுனியில் அரிவாள் மாட்டியது, வீட்டுக் கூரைக்கு மேலே நீளும். தோட்டம் போய் எத்தனையோ காலமானாலும் அந்தத் தெருவில் பல வீடுகளில் சுவரோரம் அது சாய்ந்துதான் இருக்கிறது, மாங்காய் பறிக்கவாவது. மூன்று பேர் கொண்டுவந்தார்கள். யாரும் தண்ணீரில் இறங்கவில்லை. பாலத்துக் கைப்பிடியோரம் நின்றபடியே, உயரத்தில் குலையைக் கொத்துகிற அதே கையால், தலைகீழாக அரிவாளை மரத்தில் ஏற்றினார்கள். வாழைத்தண்டில் அது வெண்ணெயில் போல இறங்கியது. அங்கிள் லோரியைப் பின்னுக்குக் கொண்டுவந்து சங்கிலியைப் போட்டார். முதல் மரம் பாதியில் நழுவியது. இரண்டாவது முறை மூன்று மரங்கள் ஒன்றாகக் கிளம்பி வந்தன. நானும் ஓர் இலைக்கொத்தைப் பிடித்து இழுத்து, அது கையோடு கிழிந்து, ரோட்டில் பொத்தென்று உட்கார்ந்தேன். யாரும் தூக்கிவிடவில்லை, எல்லாருக்கும் வேலை இருந்தது.

கடைசி மரம் வெளியே வந்தபோது பாலத்துக் கண்கள் இரண்டும் ஹோ என்று உறுமின. சேர்ந்து நின்ற தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. பின்கேட்டைத் தாண்டிய தண்ணீர் முற்றத்தில் பாதிதூரம் வந்து, அங்கேயே தயங்கி, மெல்லத் திரும்பிப் போனது. வாசற்படி காய்ந்தே இருந்தது! தெருவே விசிலடித்தது. மேளக்காரர்கள் ஓடிவந்து பாலத்து மேலேயே அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பரமேசு கையைக் கூப்பினாள். அங்கிள் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டே நாணல் பக்கம் பார்த்தார். அங்கே மைதானமளவுக்குத் தண்ணீர் அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

"பாலம் ரெண்டு கண்ணும் அடச்சிருச்சு. பழைய லோங்காங்கா இருந்திருந்தா, நான் லோரி சாவியத் தேடுறதுக்குள்ள தண்ணி என் ஹால்ல நின்னிருக்கும்," என்றார். "இது எல்லாத் தண்ணியையும் அங்க புடிச்சு வச்சிக்கிட்டு நமக்கு டைம் கொடுத்திச்சுலா." பிறகு பரமேசுவிடம் திரும்பி, "என்னா பாத்துக்கிட்டு நிக்கிற? கரகத்துக்கு நேரமாச்சு. போய் மொகத்தக் கழுவு," என்றார்.

ஐந்து மணிக் கரகம் ஐந்தரைக்கு நடந்தது. தண்ணீர் கீழ்ப்படிகளை மூடியிருந்ததால் பூசாரி மேலிருந்து இரண்டாம் படியில் உட்கார்ந்தே செம்பை முக்கினார். மழைத்தண்ணீர் கலங்கலாக இருக்கிறதே என்று யாரோ முணுமுணுத்தார்கள். "ஆத்துத் தண்ணின்னா அப்படித்தான் இருக்கும். தெளிவா வேணும்னா குழாயடிக்குப் போ!" என்று பரமேசு போட்ட போட்டில் கூட்டம் மொத்தமும் சிரித்தது. வேப்பிலை சுற்றி, பூச்சுற்றி, கரகம் பூசாரியின் தலையில் ஏறியது. அவர் படியேறினார். வாசலில் இரண்டு வாழை, தேரிலும் மண்டபத்திலும் மீதி எட்டும் நார்நாராகக் கிழிந்து, அரிவாள் வெட்டுகளோடு. அதையும் கட்டித்தான் தீருவேன் என்று பரமேசு கட்டிவிட்டாள். அம்மனுக்கு அதைவிடப் பொருத்தமான தோரணம் யாரும் கட்டியிருக்க முடியாது என்றுதான் நான் நினைக்கிறேன். கும்பிட்டேன். ஜெயித்துவிட்டோம் என்றிருந்தது, நான் யார் அவர்களில் என்று கேட்காதீர்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். காலையில் போனால் பறவைகள் நிறைய, மதியத்துக்குமேல் மழை நிச்சயமில்லை என்றாலும் குடை நிச்சயம். நடைபாதை மண்பாதை, நல்ல பிடிப்புள்ள காலணி போடுங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. கழிப்பறை கோயிலில் மட்டும்தான், கேட்டுவிட்டுப் போங்கள். மீன் பிடிக்க வேண்டாம், ரொட்டி போடவும் வேண்டாம். தண்ணீரில் எதையும் போட வேண்டாம், வாழைமரம் உட்பட. திரும்பும்போது கிராப் கிடைக்கச் சற்று நேரமாகும். எனக்கு மறுபடியும் குமார் தம்பிதான் வாய்த்தார். என் புடவையில் சேற்றைப் பார்த்துவிட்டு, "லோங்காங்குல விழுந்திட்டீங்களா அக்கா?" என்றார். போய் நீயே பார் என்று இறக்கிப் படிவரை கூட்டிப்போனேன். பிறகு கைப்பேசியை எடுத்து மனைவியை அழைத்து, பிள்ளைகளோடு அடுத்த ஞாயிறு இங்கே வரலாம் என்றார்.

மறுநாள் திங்கட்கிழமை. பரமேசு மேசைக்கு வந்ததும் வராததுமாக என் நாற்காலியைத் தன் பக்கம் திருப்பினாள். ஞாயிறு இரவே குடியிருப்புக் கூட்டம் போட்டுவிட்டார்களாம். எல்லாரும் வாழைமரத்தை வைத்து அவளைக் கேலி செய்து முடித்தபிறகு முத்தையா அங்கிள் எழுந்தாராம். போச்சு, இவர் இப்போது ஏதோ சொல்லப்போகிறார் என்று அவள் நினைத்தாளாம்.

"என்னடி சொன்னாரு?" என்றேன்.

"'கோயில் பக்கம் மட்டும் வளைச்சு விட்டா எப்படி? என் வீட்டுப் பின்னாலயும் ஒரு வளைவு வேணும்லா. இந்த வாரமே இலாகாவுல போய்க் கேப்போம், லோரிய நான் எடுத்துட்டு வரேன்'னாரு."